சோர்வு சோம்பலன்று
(தோட்டப் பாட்டாளிகளிடையே ஆற்றப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் குருதியைப் பற்றியது. குருதி என்றதும் காயமும் கட்டும் நினைவுக்கு வரும். ஆனால், கண்ணுக்குத் தெரியாமல் நாளுக்கு நாள் வலுவிழந்து போகும் குருதியைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம்.

எல்லாத் தோட்டங்களிலும் இப்படி ஒருவர் இருப்பார். பெரட்டுக்குப் பிந்தி வருவார். தம் பங்கு மரங்களில் பாதியை வெட்டுவதற்குள் மேல்மூச்சு வாங்கி, அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் பாலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்து சேர்ந்த பின்னரும் அவர் மேட்டிலேயே நின்றுகொண்டிருப்பார். மண்டோர் அவரைச் சோம்பேறி என்பார். அக்கம் பக்கத்தார் கண்ணேறு பட்டுவிட்டது என்பர். அவரோ வயதாகிவிட்டது என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்வார். இம்மூன்று தீர்ப்பும் தவறாக இருக்கக்கூடும். சோர்வு பல வேளைகளில் சோம்பலன்று; அது நோய். அந்நோயின் பெயர் இரத்தச் சோகை. அதற்கு மருந்து உண்டு. வராமல் தடுக்க வழியும் உண்டு. இதுவே நாம் இன்று சொல்ல வந்த செய்தி.

குருதியில் இரும்பின் வேலை

நாம் இழுக்கும் மூச்சில் உள்ள பிராணவாயு நுரையீரலில் குருதியோடு கலக்கிறது. அதனைச் சுமந்து சென்று கைக்கும் காலுக்கும் மூளைக்கும் சேர்ப்பவை சிவப்பணுக்கள். சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் என்னும் பொருள் இருக்கிறது. அப்பொருளைச் செய்வதற்கு இரும்புச் சத்து வேண்டும். இரும்பு இல்லையேல் ஹீமோகுளோபின் இல்லை. ஹீமோகுளோபின் குறைந்தால் பிராணவாயு போதிய அளவு போய்ச் சேராது. வாளி சிறுத்துப்போனால் மரத்தில் எவ்வளவு பால் சுரந்தும் கொட்டகைக்கு வந்து சேராதல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பு ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் வரையே. ஓர் ஆணியின் எடைக்கு மேல் இராது. இச்சிறிதளவை நம் உடல் மிகச் சிக்கனமாகப் புழங்குகிறது. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து மடிகிறது. மடிந்த அணுவின் இரும்பை உடல் வீசிவிடுவதில்லை. எடுத்துப் புது அணுவுக்குப் பயன்படுத்துகிறது. ஆகவே, ஒரு நாளில் உணவிலிருந்து குடல் ஏற்றுக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பு மட்டுமே. உடலிலிருந்து வெளியேறுவதும் சாதாரணமாக அவ்வளவே. வரவும் செலவும் சமமாக இருக்கும் வரை கணக்கு சரியாக ஓடும். செலவு சற்றே கூடினாலும், வரவு சற்றே குறைந்தாலும், முதலில் சேமிப்புக் கரையும். சேமிப்புத் தீர்ந்த பின்னரே சோகை தலைகாட்டும். நோய் வெளியே தெரியும்போது பல மாதக் கடன் ஏறியிருக்கிறது என்பதை உணர வேண்டும்.

அடையாளங்கள்

சிறு வேலைக்கே களைப்பு, மேடு ஏறினால் மூச்சுத் திணறல், நெஞ்சுப் படபடப்பு, தலைசுற்றல், காதிரைச்சல் ஆகியவை சோகையின் அறிகுறிகள். கீழிமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் சிவப்பிழந்து வெளிறியிருக்கும். நாக்கு வழவழப்பாகும், வாய் ஓரம் வெடிக்கும். நாட்பட்ட சோகையில் நகம் கரண்டிபோல் குழியும். சிலருக்கு மண், சாம்பல், பச்சரிசி ஆகியவற்றைத் தின்ன அடங்காத ஆசை வரும். கருவுற்ற பெண் பச்சரிசியை மென்றால் அதனை மசக்கையின் ஆசை என்று சிரித்துவிடாதீர்கள். இரும்புக் குறைவின் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

எனினும், பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. குருதிச் சோதனை ஒன்றே உறுதி சொல்லும். 100 மில்லிலிட்டர் குருதியில் ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழும், பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழும் ஹீமோகுளோபின் இருந்தால் அது சோகை என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. கருவுற்ற பெண்களுக்கு அவ்வரம்பு 11 கிராம். நடு மூன்று மாதங்களில் மட்டும் 10.5 கிராம்.

இந்நோய் ஏதோ சிலருக்கு மட்டும் வருவதன்று. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற தேசியச் சுகாதார ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குச் சோகை இருந்தது. பிள்ளை பெறும் வயதுடைய பெண்களிலோ பத்துப் பேரில் மூவருக்கு இருந்தது.

ரப்பர் மரத்தடியில் கண்ட உண்மை

சோகைக்கும் உழைப்புக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்கள் உங்களைப் போன்ற பால்மரத் தொழிலாளர்களே. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில், ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆண் தொழிலாளர்களை ஆராய்ந்து, அதன் முடிவை 1979ஆம் ஆண்டில் அறிவியலாளர்கள் வெளியிட்டனர். தொழிலாளர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சோகை இருந்தது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் குடலில் கொக்கிப் புழு இருந்தது. வெட்டுக்காரர்கள் கொண்டுவந்த பாலை நிறுத்துப் பார்த்தபோது, சோகை உள்ளவர்களின் பால் மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

பின்னர், ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 100 மில்லிகிராம் இரும்புச் சத்து 60 நாள்களுக்குக் கொடுக்கப்பட்டது. மற்றப் பகுதியினருக்குப் பார்வைக்கு அதைப் போன்ற, மருந்தில்லா மாத்திரை தரப்பட்டது. இரண்டு மாதம் கழித்து, இரும்பு பெற்ற சோகையாளர்களின் குருதி தேறியது. அவர்கள் கொண்டுவந்த பாலின் அளவு சோகை இல்லாதவர்களின் அளவை ஏறத்தாழ எட்டியது. அவர்கள் நோய்வாய்ப்படுவதும் குறைந்தது.

அன்பர்களே, இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மனிதர்களும் மரங்களும் உளிகளும் மாறவில்லை. நேற்று வரை பின்தங்கியவர் என்று கருதப்பட்டவர் குருதி தேறியதும் மற்றவரோடு சமமாக நடந்தார். அவரிடம் குறைந்திருந்தது ஊக்கமன்று, இரும்பே! நிறுத்த பாலுக்குக் கூலி பெறும் குடும்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்பது பிள்ளையின் பள்ளிச் செலவு. மாதக் கடைசியில் கடைக்காரரிடம் கடன் சொல்லாத நிம்மதி.

கொக்கிப் புழுவின் கதை

இரும்பு உடலைவிட்டுப் போகும் வழிகளுள் தோட்டங்களை நெடுங்காலம் வாட்டியது கொக்கிப் புழு. 1872 முதல் 1882 வரை சுவிட்சர்லாந்தில் கோத்தார்ட் மலையைக் குடைந்து இரயில் பாதை அமைத்தார்கள். அச்சுரங்கத் தொழிலாளர்கள் காரணம் தெரியாமல் வெளிறி வாடினர். 1880ஆம் ஆண்டில் பெரோன்சித்தோ என்னும் இத்தாலிய அறிஞர், கொக்கிப் புழுவே காரணம் என்று காட்டினார். இப்புழு உடலுக்குள் நுழைவது எவ்வாறு? கெய்ரோ நகரில் ஆய்வு செய்துவந்த லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் கைமீது புழுக் குஞ்சுகள் இருந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. தோல் அரித்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே புழு முட்டைகள் காணப்பட்டன. வாயால் மட்டுமன்றித் தோலைத் துளைத்தும் புழு நுழையும் என்பதை அவர் 1898ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். நம் மண்ணிலும் டார்லிங் என்னும் அமெரிக்க மருத்துவர் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் இப்புழுவை ஆராய்ந்தது.

மலத்தோடு வெளிவரும் முட்டை, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் தொற்றும் நிலையை அடைகிறது. வெறுங்காலோடு நடப்பவரின் கால்விரல் இடுக்கில் துளைத்து உட்புகும். அங்கே அரிப்பு உண்டாகும். அங்கிருந்து குருதி வழியே நுரையீரலுக்கும், பின்னர்த் தொண்டைக்கும் ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் போய்க் கௌவிக்கொள்ளும். இலை மூடிய, வெயில் படாத ரப்பர்க் காட்டு மண் அதற்கு எத்துணை வசதியானது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

நம் வட்டாரத்தில் பெரிதும் காணப்படும் வகையில் ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் குருதியைப் போக்கும். இது ஒரு துளிக்கும் குறைவு. நூறு புழு இருந்தால் 3 மில்லிலிட்டர். நல்ல குருதியில் ஒரு மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆகவே நூறு புழுவால் நாளுக்கு ஒன்றரை மில்லிகிராம் இரும்பு கசிகிறது. அதில் ஒரு பகுதியைக் குடல் மீட்டுக்கொண்டாலும், ஒரு மனிதன் உண்டு சேர்க்கும் வரவில் பெரும்பங்கைப் புழுவே தின்றுவிடுகிறது.

கழிப்பறையும் குழாய்நீரும் வந்த பின்னர் இப்புழு பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆதலால், காட்டிலும் கொல்லையிலும் காலில் சப்பாத்து இல்லாமல் இறங்காதீர்கள். பிள்ளைகளைத் திறந்த வெளியில் மலங்கழிக்க விடாதீர்கள். புழு இருந்தால் மருத்துவர் அல்பெண்டசோல் போன்ற மருந்து தருவார். பெரும்பாலும் ஒரே வேளையில் முடிந்துவிடும். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் மட்டும் அதனை உட்கொள்ளலாகாது.

மற்றக் கசிவுகள்

மாதவிலக்கில் பெண்கள் இழக்கும் இரும்பைக் கணக்கிட்டால், அவர்களுக்கு ஆண்களைவிட மிகுதியான வரவு வேண்டும் என்பது விளங்கும். ஒவ்வொரு மாதமும் மிகுதியாகப் போகிறது எனில் அதனை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கருவுற்ற காலம் முழுவதற்கும் ஒரு தாய்க்கு வேண்டிய இரும்பு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். அதனை உணவால் மட்டும் ஈடுசெய்வது அரிது. ஆகவேதான் தாய்சேய் நலக் கிளினிக்கில் இரும்பு மாத்திரை தருகிறார்கள். அம்மாத்திரையை அலமாரியில் அடுக்கி வைப்பதால் பயனில்லை. பேறு காலத்தில் குருதி இழப்பு நேர்ந்தால், முன்னரே சோகை உள்ள தாயின் உயிருக்கே ஆபத்து.

ஆண்களே, நீங்களும் கேளுங்கள். மாதவிலக்கு இல்லாத ஓர் ஆணுக்கோ, மாதவிலக்கு நின்றுவிட்ட பெண்ணுக்கோ இரும்புக் குறைவுச் சோகை வந்தால், குடலில் எங்கேனும் கசிவு உண்டா என்று மருத்துவர் கட்டாயம் தேட வேண்டும். இரைப்பைப் புண், மூலம், சில வேளைகளில் குடற்புற்று ஆகியவை காரணமாக இருக்கக்கூடும். மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகளும் இரைப்பையைப் புண்ணாக்கும். மலம் தார்போல் கறுத்துப் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வள்ளுவப் பெருந்தகை மருந்துக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நோய் இன்னதென்று அறிவதோடு நில்லாமல், அதன் மூலத்தையும் அறிய வேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. கசிவை அடைக்காமல் மாத்திரையை மட்டும் விழுங்குவது, ஓட்டை வாளியில் நீர் நிரப்புவதாகும்.

குடலின் வாயில்

உண்ட இரும்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை. குடலின் மேற்பகுதியே அதனை ஏற்கும் வாயில். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் பொருள் அவ்வாயிலின் காவலாளி. உடலில் சேமிப்பு நிறைந்திருந்தால் வாயிலைச் சாத்தும், குறைந்தால் திறக்கும். ஆனால், உடலில் நாட்பட்ட அழற்சி இருந்தால், இரும்பு தேவைப்படும்போதும் காவலாளி வாயிலைச் சாத்திவிடும். இரைப்பையின் புளிப்பு நீரும் இரும்பைக் கரைக்க உதவுகிறது. அதனால்தான், நெஞ்செரிச்சலுக்கென்று மருத்துவரைக் கேளாமல் ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்பது நன்றன்று.

இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமியும் இரும்பு சேர்வதைக் குறைக்கும், புண்ணையும் உண்டாக்கும். இதனை 1982ஆம் ஆண்டில் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. நம் நாட்டில் மலாய்க்காரர்களைவிட இந்தியரிடையே இக்கிருமி மிகுதி என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மேல்வயிற்றில் எரிச்சலும் சோகையும் சேர்ந்திருப்பவர்கள் இதற்கான சோதனையைக் கேட்டுப் பெறலாம்.

அடுப்படியில் செய்யக்கூடியவை

உணவில் உள்ள இரும்பு இருவகை. இறைச்சி, ஈரல், மீன், கெராங் ஆகியவற்றில் உள்ள ஒரு வகை எளிதில் உடலில் சேரும். கீரை, பருப்பு, பயறு, கேழ்வரகு ஆகியவற்றில் உள்ளது மற்றொரு வகை. அது சற்று அரிதாகவே சேரும். கீரை உண்டும் சோகை தீரவில்லையே என்று சிலர் நம்மைக் கேட்பதுண்டு. கீரையின் மேல் குற்றமில்லை. அதனோடு எதைச் சேர்த்து உண்கிறோம் என்பதே கேள்வி.

இரும்புக்குத் துணைவன் வைட்டமின் சி. முருங்கைக் கீரையோ கங்கோங்கோ சமைத்தால், அடுப்பிலிருந்து இறக்கிய பின் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் அச்சத்து பெரிதும் அழிந்துவிடும். சோற்றுக்குப் பின் ஒரு துண்டு கொய்யா அல்லது பப்பாளி உண்ணுங்கள். இவை வீட்டுக் கொல்லையிலேயே விளைபவை. சிறிதளவு நெத்திலியோ இறைச்சியோ சேர்த்தால், அவ்வேளையில் உண்ட கீரை, பருப்பின் இரும்பும் கூடுதலாகச் சேரும். சைவ உணவினர் பயற்றை ஊறவைத்து முளைகட்டி உண்ணலாம். மாவைப் புளிக்கவைத்துச் செய்யும் இட்டலியும் தோசையும் நம் முன்னோர் தந்த நல்ல முறை. புளிக்கும்போது இரும்பைப் பிடித்து வைக்கும் பொருள் குறைகிறது. இரும்புச் சட்டியில் புளிப்புள்ள குழம்பை ஆக்கினால் சட்டியின் இரும்பிலும் சிறிது குழம்பில் இறங்கும்.

இரும்புக்குப் பகைவன் தேநீர். தோட்டத்தில் தேநீரைக் குறைகூறுவது எளிதன்று என்பது நமக்குத் தெரியும். ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும். தேநீரின் துவர்ப்பு இரும்பைப் பற்றிக்கொண்டு குடலில் சேரவிடாது. 1975ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, சோற்றுணவோடு தேநீர் பருகியபோது உடலில் சேர்ந்த இரும்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. காப்பியும் ஓரளவு இவ்வேலையைச் செய்யும். தேநீரை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பசியாறலோடும் சோற்றோடும் சேர்த்துப் பருகாதீர்கள்; உணவுக்கும் தேநீருக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். காசில்லாமல் செய்யக்கூடிய வைத்தியம் இதனினும் வேறில்லை.

குழந்தைகள்

குழந்தை தாயிடமிருந்து கொண்டுவந்த இரும்பு ஏறத்தாழ ஆறு மாதம் வரை தாங்கும். அதன் பின் தாய்ப்பாலோடு, மசித்த ஈரல், மீன், பருப்பு, கீரை ஆகியவற்றைச் சிறுகச் சிறுகத் தொடங்க வேண்டும். டின் பாலும் தேநீரும் கொடுத்துப் பிள்ளையின் வயிற்றை நிரப்புவது, வயிற்றை மட்டுமே நிரப்பும். ஒரு வயதுக்குள் பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுத்தலும் ஆகாது. இளம் பருவத்தில் இரும்பு குறைந்தால் மூளையின் வளர்ச்சியும் குன்றும். வகுப்பில் தூங்கி விழும் மாணவனைத் தண்டிப்பதற்கு முன், அவன் கீழிமையைப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

மாத்திரை உண்போர் அறிய வேண்டுவன

சோகை எல்லாம் இரும்புக் குறைவால் வருவதன்று. நம் நாட்டில் பரம்பரையாக வரும் தலசீமியாவும் உண்டு. அதற்கு இரும்பு மாத்திரை மருந்தன்று. தேவையின்றி உண்டால் தீங்கும் நேரலாம். ஆகவே முதலில் குருதிச் சோதனை, பின்னரே மாத்திரை.

மாத்திரை உண்ணும்போது மலம் கறுக்கும். அது மாத்திரையால் வருவது, அஞ்ச வேண்டாம். மலச்சிக்கலோ குமட்டலோ வந்தால் மாத்திரையை வீசிவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். நாள் விட்டு நாள் உண்ணும் முறையும் இப்பொழுது உண்டு. மருத்துவர் உங்களுக்கு ஏற்றதைச் சொல்வார். தேநீரோடும் பாலோடும் மாத்திரையை விழுங்காதீர்கள். இரண்டே வாரத்தில் உடல் தேறிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். குருதி சரியான பின்னும், கரைந்த சேமிப்பை நிரப்ப ஏறத்தாழ மூன்று மாதம் தொடர வேண்டும். மாத்திரையைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்றெண்ணிப் பல மாத்திரைகளை விழுங்கிய குழந்தை உயிரிழக்கவும் கூடும்.

நம் கடமை

நாம் கூறியவற்றைத் தொகுத்துச் சொல்கிறோம். காலுக்குச் சப்பாத்து, வீட்டுக்குக் கழிப்பறை, கீரைக்கு எலுமிச்சை, உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி இடைவெளி, களைப்பு நீங்காவிடில் குருதிச் சோதனை. இவை ஐந்தும் எந்தக் குடும்பத்திற்கும் எட்டாதவை அல்ல.

மண்டோர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நன்றாக வேலை செய்துவந்த ஒருவர் மெல்ல மெல்லப் பின்தங்கினால், அவரை ஏசுவதற்கு முன் மருத்துவ உதவியாளரிடம் அனுப்புங்கள். இன்று நம் தோட்டங்களில் பிற நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் உழைக்கிறார்கள். மொழி அறியாமையால் தம் உடல்நிலையைச் சொல்லத் தெரியாதவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களுக்கும் இச்செய்தியை எடுத்துச் சொல்லுங்கள்.

பால் குறைந்த மரத்தைக் கண்டால் நீங்கள் மரத்தை வைவதில்லை. பட்டையைப் பார்க்கிறீர்கள், வேரைப் பார்க்கிறீர்கள், ஓய்வு கொடுக்கிறீர்கள். அந்தப் பரிவை உங்கள் இல்லத்தில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் தாயிடமும் காட்டுங்கள், உங்களிடமும் காட்டிக்கொள்ளுங்கள். நற்குருதியும் நல்லுடலும் பெற்று வாழ்வீர்களாக!